பனிக்கு லாரியில் எந்த ஃபாக் லைட்? கடையில் கிடைக்கும் ஐந்து வகைகளும் ஓர் எடைபோடலும்

டிசம்பர் பாதியில் தொடங்கி ஜனவரி முடியும்வரை, நாமக்கல், சங்ககிரி, சேலம் பக்கமிருந்து வடக்கே லோடு ஏற்றிப் போகும் லாரிகளின் பம்பரைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒரு வண்டியில் சதுர ஹாலஜன், அடுத்ததில் எல்இடி பார், இன்னொன்றில் கேபின் தலைமேல் வரிசையாக நாலு ஃபோகஸ் லைட். எல்லாமே கடையில் 'ஃபாக் லைட்' என்ற ஒரே பெயரில் விற்றவைதான். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் குவாலியர் தாண்டி ஆக்ரா, மதுரா, பானிபட் என்று போகும்போது பனி தரையோடு இறங்கிவிட்டால், இவற்றில் பல உதவாது. சில உபத்திரவமே செய்யும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 24 வோல்ட் லாரிக்கு, 70 வாட் எச்3 (H3) ரகப் பல்பு போட்ட, கண்ணாடி முகப்புள்ள, முறையான முத்திரை பெற்ற சாதாரண ஹாலஜன் ஃபாக் லைட் ஒரு ஜோடி போதும். அதைத் தாழ்வாக மாட்டி, சரியான ஒயரில் கரண்ட் கொடுத்து, லோடோடு நிறுத்தி ஃபோகஸ் வைத்தால், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள லைட் பார் அதன் பக்கத்தில்கூட வராது. மாதக்கணக்கில் பனிப்பாதையிலேயே ஓடும் வண்டிக்கு மட்டும் நல்ல எல்இடி ஃபாக் லைட் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். மற்ற மூன்று வகையும் வேண்டாம்.

ஏன் வெளிச்சம் கூடினால் பார்வை குறைகிறது?

பனிமூட்டம் என்பது காற்றில் மிதக்கும் பொடித் தண்ணீர்த் துளி. ஒளி துளியில் பட்டு நாலாபக்கமும் சிதறும். அதில் ஒரு பங்கு திரும்பி ஓட்டுநர் கண்ணுக்கே வந்து சேரும். பிரைட் போட்டதும் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்புவது இதனால்தான். 100 வாட் பல்பு மாட்டினால் சுவரும் அதே அளவுக்குக் கூடுதலாக வெளுக்கும்; அதற்குப் பின்னால் இருக்கும் சாலை கூடுதலாகத் தெரியாது.

ஆகவே ஃபாக் லைட்டின் வேலை நிறைய ஒளி கொடுப்பதல்ல, கண்ணுக்கு முன்னால் இருக்கும் காற்றில் ஒளி படாமல் பார்த்துக்கொள்வது. நல்ல விளக்கின் ஒளி சுவரில் விழும்போது மேலே கத்தியால் கோடு போட்டதுபோல நேரான விளிம்பு இருக்கும். கோட்டுக்குக் கீழே அகலமான வெளிச்சம், கோட்டுக்கு மேலே இருட்டு. பாதி விலை அந்த இருட்டுக்குத்தான்.

இந்த விஷயத்தில் லாரிக்காரருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. காரில் விளக்குக்கும் கண்ணுக்கும் உயர வித்தியாசம் குறைவு. லாரியில் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலே. விளக்கை அரை மீட்டரில் மாட்டலாம். ஒளி போகும் வழியும் பார்வை போகும் வழியும் விலகியே இருப்பதால் திரும்பி வரும் வெளுப்பு குறைகிறது. கேபின் மேலே விளக்கு மாட்டுகிறவர் இந்தக் கொடுப்பினையைத் தானே கைவிடுகிறார். அது கண்ணுக்கு நேர் எதிரே இருக்கும் பனியை முதலில் வெளுக்க வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் சாலைக்கு அனுப்பும்.

வாங்கும்போது பெட்டியை விடுங்கள், கண்ணாடியைப் பாருங்கள்

பெட்டியில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பார்க்க வேண்டியது விளக்கின் முகப்பிலேயே வார்த்திருக்கும் குறி. ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற விளக்கில் ஒரு வட்டத்துக்குள் 'ஈ' (E) எழுத்தும் நாட்டின் எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. அதோடு 'பி' (B) அல்லது 'எஃப்3' (F3) என்று இருந்தால் அது முன்பக்க ஃபாக் லைட். 'எச்ஆர்' (HR) என்று இருந்தால் அது தூரம் அடிக்கும் பிரைட் விளக்கு, பனிக்கு ஆகாது. அமெரிக்கக் குறியில் 'எஸ்ஏஈ எஃப்' (SAE F) என்பது ஃபாக் லைட், 'எஸ்ஏஈ ஒய்' (SAE Y) என்பது தூர விளக்கு. ஒரே அச்சில் வார்த்த, பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு விளக்குகள் அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று எஃப், ஒன்று ஒய். கடைப் பையன் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவான். குறியைப் படித்துவிட்டே காசு கொடுங்கள்.

குறி போலியாகவும் இருக்கலாம் என்பதால் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு பேட்டரியைத் தொடரில் இணைத்து 24 வோல்ட் கொடுத்து, விளக்கை மூன்று மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைச் சுவரில் அடிக்கச் சொல்லுங்கள். மேல்விளிம்பு நேர்க்கோடாக இருக்கிறதா? கோட்டுக்கு மேலே சுவரில் மங்கலான திட்டுகள் எகிறி நிற்கின்றனவா? வெளிச்சம் பக்கவாட்டில் நாலு மீட்டர் வரையாவது பரவுகிறதா? பிறகு விளக்குக்கு எதிரே நின்று, கண்ணை விளக்கு மட்டத்துக்குக் கீழிருந்து மெல்ல மேலே கொண்டு வாருங்கள். ஓர் இடத்தில் கண்கூச்சம் சட்டென்று அடங்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் அதன் ரிஃப்ளெக்டர் சரியில்லை. பகலில் கடைக்குள் இதைச் செய்ய முடியாதென்றால், ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

ஹாலஜன் எச்3: பழசு, ஆனால் ஜெயிக்கிறது

இரும்பு அல்லது கெட்டி பிளாஸ்டிக் உடல், கண்ணாடி முகப்பு, பின்னால் ரப்பர் மூடி, உள்ளே 24 வோல்ட் 70 வாட் எச்3. இதன் முதல் பலம், பல்பு எந்த ஊரிலும் கிடைக்கும் என்பது. இரண்டாவது, முகப்புக் கண்ணாடி சூடாவது. பனி இரவில் கண்ணாடியில் படியும் ஈரம் அந்தச் சூட்டில் காய்ந்துவிடும்; எல்இடியில் இது நடக்காது. மூன்றாவது, ஹாலஜன் ஒளியே கொஞ்சம் மஞ்சள் சாய்ந்தது, ஏறக்குறைய 3200 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம் கூடும்), நீலம் குறைவு.

பலவீனம் பல்பின் இழையில் இருக்கிறது. அதே வாட்டுக்கு 24 வோல்ட் இழை 12 வோல்ட் இழையைவிட நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கும், அதிர்வு தாங்காது. பம்பரில் மாட்டும் எல் பட்டை 3 மி.மீ. தகடாக இருந்தால் விளக்கு ஆடும், சாலையில் ஒளி நடுங்கும், இரண்டு மாதத்தில் இழை அறும். பல்பைக் குறை சொல்லாதீர்கள், 5 மி.மீ. பட்டையும், ஸ்பிரிங் வாஷரும், நைலான் பூட்டு நட்டும் போட்டுப் பாருங்கள். பல்பு வாங்கும்போதே லாரிக்கென்று இழைக்கு முட்டுக் கொடுத்த ஹெவி டியூட்டி ரகம் கேளுங்கள்.

பல்பு மாட்டுவதிலும் ஒரு சிக்கல். எச்3 பல்பின் தகட்டில் ஒரு வெட்டு இருக்கும். அது ஹோல்டரில் உள்ள இடத்தில் சரியாக உட்கார்ந்து, அதன் மேல் கம்பி ஸ்பிரிங் படிய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் இழை குவியத்திலிருந்து விலகி மேல்விளிம்பு மங்கிவிடும். 'புது பல்பு போட்டதிலிருந்து எதிர்வண்டிக்காரன் திட்டுகிறான்' என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 70 வாட்டுக்குப் பதில் 100 வாட் போடுவதும் வீண் செலவு: பனியில் வெளுப்பைக் கூட்டும், ஹோல்டரை உருக்கும், ரிஃப்ளெக்டர் பூச்சைக் கருக்கும்.

எச்11 பல்பு போட்ட புரொஜெக்டர் வகையும் இருக்கிறது. 24 வோல்ட்டில் அதுவும் 70 வாட்தான். உள்ளே தகடு வைத்து மறைப்பதால் மேல்விளிம்பு எச்3 ரகத்தைவிடக் கூர்மை. ஆனால் லென்ஸ் சிறியது. ஒரு துளி சேறு பட்டாலும் பாதி ஒளி போய்விடும். தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்குச் சரி, குவாரிக்கும் செம்மண் பாதைக்கும் போகும் வண்டிக்குச் சரியில்லை.

முத்திரை பெற்ற எல்இடி ஃபாக் லைட்

இதை லைட் பாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஃபாக் லைட்டாகவே வடிவமைத்து, எஃப்3 குறியோடு வருவது. இழை இல்லாததால் அதிர்வுக்குப் பயமில்லை. ஒன்று 10 முதல் 20 வாட் வரைதான் இழுக்கும். பழைய ஒயரிங்குக்கு நிம்மதி. மேல்விளிம்பும் நன்றாக இருக்கும்.

குறை என்று பார்த்தால் மூன்று. முகப்பு சூடாகாததால் ஈரமும் புகையும் தூசியும் சேர்ந்து பசைபோல ஒட்டிக்கொள்ளும். இரவில் இரண்டு மூன்று முறை இறங்கித் துடைக்க வேண்டிவரும். அடுத்தது நிறம். பெரும்பாலானவை 6000 கெல்வினுக்கு மேல், நீலம் தூக்கலாக வருகின்றன. பனியில் கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். 3000 கெல்வின் கிடைத்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் 4300 வரை பரவாயில்லை. மூன்றாவது, பழுதானால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். ஜான்சி தாண்டி நடுராத்திரியில் ஒன்று அணைந்தால் தாபா வாசலில் மாற்று கிடைக்காது.

உடலில் எழுதியிருப்பதில் இரண்டைப் பாருங்கள். வோல்ட் 9 முதல் 32 வரை அல்லது 10 முதல் 30 வரை என்று இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 24 வோல்ட் வண்டியில் 28 வரை வரும் என்பதால் வெறும் '12/24' என்ற ஸ்டிக்கரை நம்ப முடியாது. நீர் தாங்கும் தரம் ஐபி67 குறைந்தபட்சம். வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடிப்பவர்களுக்கு ஐபி69கே. தண்ணீரில் மூழ்கினால் தாங்குவதும், பிரஷர் பம்பு நேராக அடித்தால் தாங்குவதும் வேறு வேறு. மட்டமான எல்இடி போட்டதும் கேபினில் எஃப்எம் இரையத் தொடங்கினால் உள்ளே எல்இடிக்குக் கரண்டைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட் சரியில்லை என்று அர்த்தம். அது ரொம்ப நாள் வராது.

வேண்டாதவை

ஹாலஜன் விளக்குக்குள் எச்3 அல்லது எச்11 வடிவ எல்இடி பல்பைச் செருகுவது இப்போது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. ரிஃப்ளெக்டர் கணக்கிடப்பட்டது மெல்லிய ஓர் இழைக்கு. எல்இடி பல்பிலோ தகட்டின் இரு பக்கமும் சில்லுகள். இழை இருந்த இடத்தில் அப்படியே வந்து உட்காராது. மேல்விளிம்பு கலைந்து ஒளி மேலே எகிறும். சுவரில் அடித்துப் பார்த்தால் யாருக்கும் புரியும். பின்னால் இருக்கும் குட்டி ஃபேன், லாரிப் பம்பரின் தூசியிலும் தண்ணீரிலும் எத்தனை நாள் சுற்றும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

எச்ஐடி கிட் (இழைக்குப் பதில் வாயுவுக்குள் மின்பொறியால் எரியும் பல்பு செட்) என்றாலும் அதே கதை, கூடவே எதிரே வருபவருக்குக் கூடுதல் தண்டனை.

எல்இடி பார் மற்றும் வட்ட ஃபோகஸ் லைட்டுக்கு மேல்விளிம்பு என்பதே கிடையாது. வட்டமாகவோ முட்டை வடிவிலோ எல்லாப் பக்கமும் அடிக்கும். குவாரியிலும் கரும்புக் காட்டிலும் ராத்திரி லோடு ஏற்ற நல்ல சாமான், பனிக்கு எதிரி. '180 வாட்', '300 வாட்' என்ற ஸ்டிக்கரைச் சோதிக்க கிளாம்ப் மீட்டர் போதும்: 24 வோல்ட்டில் 180 வாட் என்றால் ஏழரை ஆம்பியர் இழுக்க வேண்டும். பல பார்கள் அதில் பாதிகூட இழுப்பதில்லை. சட்டத்திலும் இடமில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஆளுக்குக் கூசக் கூடாது என்கிறது. 111ஆம் விதி அனுமதியில்லாத ஸ்பாட் லைட்டைத் தடுக்கிறது.

மஞ்சள் கேள்வி

'மஞ்சள் பனியைத் துளைக்கும்' என்பது கடைக்காரர் சொல்லும் முதல் வாக்கியம். துளைக்காது. வானம் நீலமாகத் தெரிவதற்குச் சொல்லும் காரணத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள். அங்கே ஒளியைச் சிதறடிப்பவை ஒளி அலையைவிட மிகச் சிறிய காற்று மூலக்கூறுகள். பனித்துளி ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிக்கும். பனி வெள்ளையாகத் தெரிவதே அதற்குச் சாட்சி.

அப்படியென்றால் மஞ்சள் வீணா? இல்லை. திரும்பி வரும் ஒளியில் நீலப் பங்கு குறைந்தால் கண்கூச்சம் குறையும். மணிக்கணக்காகப் பனியை வெறிக்கும் ஓட்டுநருக்கு அது பெரிய விஷயம். பிரான்ஸில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் மஞ்சள் பூச்சும் மஞ்சள் ஒட்டுத்தாளும் ஒளியில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்தைத் தின்றுவிடும். ஹாலஜனில் நீலம் ஏற்கெனவே குறைவு என்பதால் அதற்கு மஞ்சள் கட்டாயமில்லை. எல்இடியில்தான் நிறம் பார்த்து வாங்க வேண்டும். ஒட்டுத்தாள் ஒட்டுவதென்றால் குமிழி விழாமல் ஒட்டுங்கள். ஒவ்வொரு குமிழியும் ஒளியை மேலே தெறிக்க விடும்.

மாட்டும் உயரமும், லோடும்

விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 50 முதல் 70 செ.மீ. இருப்பது நல்லது. ஐரோப்பிய விதி கனரக வண்டிக்கு 25 செ.மீ.க்குக் குறையாமலும் 120 செ.மீ.க்கு மிகாமலும், எப்படியும் டிம் விளக்கின் மேல்விளிம்பைத் தாண்டாமலும் இருக்கச் சொல்கிறது. வண்டியின் பக்க ஓரத்திலிருந்து 40 செ.மீ.க்குள் மாட்டச் சொல்கிறது. ஓரத்தில் மாட்டுவதற்குக் காரணம் உண்டு: சாலையோர வெள்ளைக் கோடுதான் பனியில் வழிகாட்டி, அது தெரிய வேண்டும்.

பம்பருக்குக் கீழே தொங்கவிட்டு மாட்டும்போது பலர் விளக்கைத் தலைகீழாக மாட்டிவிடுகிறார்கள். முகப்பில் 'மேல்' என்பதற்கான குறியோ அம்போ இருக்கும். தலைகீழானால் இருட்டு கீழே, வெளிச்சம் மேலே. சில விளக்குகளில் ரிஃப்ளெக்டரை உடலிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டலாம். அப்படிச் செய்தால் தண்ணீர் வடியும் துளை கீழே வருகிறதா என்று பாருங்கள். துளை மேலே போனால் முதல் வாட்டர் சர்வீஸிலேயே உள்ளே குளம் கட்டும்.

ஃபோகஸ் வைப்பது இப்படி. சமதரையில், டயர் காற்று சரிபார்த்து, சுவரிலிருந்து விளக்கு 10 மீட்டர் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்கு 20 செ.மீ. கீழே இன்னொரு கோடு. ஒரு விளக்கைச் சாக்கால் மூடிவிட்டு, மற்றதன் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் படியும்படி சாய்த்து நட்டை இறுக்குங்கள். பிறகு அடுத்தது. பக்கவாட்டில் இரண்டும் நேராகவே பார்க்கட்டும். ஓரமாகத் திருப்பி வைக்கத் தேவையில்லை, ஒளி ஏற்கெனவே அகலம். 10 மீட்டருக்கு 20 செ.மீ. என்பது 2 சதவீதச் சரிவு. 60 செ.மீ. உயரத்தில் மாட்டிய விளக்கின் மேல்விளிம்பு 30 மீட்டரில் தரையைத் தொடும். விளக்கு 80 செ.மீ.க்கு மேலே என்றால் சரிவை 3 சதவீதம் வரை கூட்டலாம்.

இந்த 2 சதவீதம் லோடில் காணாமல் போகும் என்பதுதான் லாரிக்கே உரிய சிக்கல். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 5 மீட்டர் உள்ள வண்டியில், லோடு ஏறிப் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 10 செ.மீ. கூடுதலாக அமுங்கினால், மூக்கு சரியாக 2 சதவீதம் மேலே தூக்கும். காலி வண்டியில் அழகாக வைத்த ஃபோகஸ், லோடோடு நேராகக் கிடைமட்டமாக அடிக்கும். எதிர்க்காரில் வருபவரின் கண்ணிலேயே விழும். எந்த லோடோடு பனிப்பாதைக்குப் போகிறீர்களோ அந்த லோடோடு நிறுத்தி ஃபோகஸ் வையுங்கள். காலியாகத் திரும்பும்போது ஒளி கொஞ்சம் தாழ்ந்து விழும், அதனால் நஷ்டமில்லை. 200 கி.மீ. ஓடியதும் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒயரிங்: விளக்கு மங்குவதற்கு விளக்கு காரணமல்ல

70 வாட் இரண்டு என்றால் 140 வாட், ஏறக்குறைய 6 ஆம்பியர். இதை நேராக டாஷ்போர்டு சுவிட்ச் வழியே ஓட்டினால் சுவிட்ச் கருகும். 24 வோல்ட் ரிலே (சுவிட்சின் சிறு கரண்டில் இயங்கி, விளக்கின் பெரிய கரண்டைத் தான் தாங்கும் சாமான்) ஒன்று, 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் வேண்டும். ரிலேயின் அடியில் முனைகளுக்கு எண் போட்டிருக்கும்: 30க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே வரும் ஒயர், 87லிருந்து விளக்கு, 86க்கு சுவிட்ச், 85க்கு எர்த். ஃபியூஸை பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயரை எதுவும் காப்பாற்றாது. பக்கத்தில் கிடைத்தது என்று 12 வோல்ட் ரிலேயை மாட்டினால் காயில் எரிந்துவிடும்.

சுவிட்சுக்கு வரும் கரண்டை பார்க்கிங் லைட் லைனிலிருந்து எடுங்கள். இக்னிஷனிலிருந்து எடுத்தால், முன்னால் ஃபாக் லைட் எரியும், பின்னால் டெயில் லைட் அணைந்திருக்கும். ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. பனியில் இதைவிட மோசமான ஒயரிங் இல்லை.

எர்த்தை பம்பரில் கொடுத்துவிட்டு நகர்வது பட்டறைப் பழக்கம். பெயின்ட், துரு, ரப்பர் புஷ் எல்லாம் சேர்ந்து தடை போடும். சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி, லக் அடித்து, போல்ட் போட்டு, மேலே கிரீஸ் பூசுங்கள். வேலை முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, விளக்கு எரியும்போது பேட்டரியிலும் விளக்கு முனையிலும் வோல்ட் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை. ஹாலஜன் ஒளி வோல்ட்டோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, செங்குத்தாக விழும்: 28 வரவேண்டிய இடத்தில் 25 வந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். புது விளக்கு வாங்கும் முன் பழைய விளக்குக்கு இந்தச் சோதனை செய்து பாருங்கள். பல வண்டிகளில் காசு மிச்சமாகும்.

காருக்கான 12 வோல்ட் விளக்கை, இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்து எரிப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கும். ஆல்டர்னேட்டரோ இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் என்று கணக்குப் பார்த்துத்தான் சார்ஜ் செய்யும். இறங்கிய பேட்டரி முழுக்க ஏறாது, மற்றது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டும் போகும். 24 வோல்ட் விளக்கு வாங்குங்கள். முடியாதென்றால் கன்வெர்ட்டர் வையுங்கள்.

பின்னால் இருப்பவருக்கு

முன்னால் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, பின்னால் சேறு படிந்த டெயில் லைட்டோடு பனிக்குள் போகும் வண்டிகள் நிறைய. பனியில் லாரிக்கு வரும் அடி பெரும்பாலும் பின்னாலிருந்துதான் என்பதை ஓட்டுநர்கள் எல்லோரும் அறிவார்கள். 21 வாட் சிவப்புப் பின் ஃபாக் லைட் ஒன்று, வலது பக்கம், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள், பிரேக் லைட்டிலிருந்து 10 செ.மீ.யாவது தள்ளி. ஒட்டி மாட்டினால், பிரேக் பிடித்தது பின்னால் வருபவருக்குத் தெரியாது. பிரதிபலிக்கும் டேப் 50 மி.மீ. அகலத்தில், பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள், முன்னால் வெள்ளை. ஒட்டியிருப்பதைத் தினமும் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஓடும் வண்டியில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். திரும்புவதைக் காட்ட வழியில்லாமல் போகும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

வானிலைத் துறைக் கணக்கில் பார்வை 50 முதல் 200 மீட்டர் என்றால் அடர்பனி, 50க்குக் கீழே மிக அடர்பனி. ஃபாக் லைட் இந்தத் தூரத்தைக் கூட்டாது. கண் எதிரே 25, 30 மீட்டர் சாலையையும் ஓரத்தையும் காட்டும், அவ்வளவுதான். லோடு வண்டி ஈரச்சாலையில் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? ஓட்டுநர் சுதாரிக்க ஒன்றரை நொடி, ஏர் பிரேக் பிடிக்க அரை நொடிக்குச் சற்றுக் குறைவு, அதன்பின் நொடிக்கு நொடி வினாடிக்கு 4 மீட்டர் வேகம் குறைவதாக வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் சுமார் 66 மீட்டர், 40இல் 36, 30இல் 25. விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்பது 30 கி.மீ. வேகத்தில் மட்டுமே. இதற்கு மேல் ஓட்ட வைக்கும் ஃபாக் லைட் எந்தக் கடையிலும் இல்லை.

மலைப்பாதையில் கணக்கு கொஞ்சம் மாறும். குன்னூர் மலைப்பாதையிலோ, 27 கொண்டை ஊசி வளைவு கொண்ட திம்பத்திலோ மேகம் இறங்கும்போது வேகம் ஏற்கெனவே குறைவு. அங்கே ஃபாக் லைட்டின் அகலம்தான் கைகொடுக்கும். ஹெட்லைட் நேரே பள்ளத்தாக்கை வெளுத்துக்கொண்டிருக்க, ஃபாக் லைட் வளைவின் உள்ஓரத்தையும் கல் தடுப்பையும் காட்டும்.

மழைக்கு இது மருந்தல்ல. ஈரத்தார் கண்ணாடிபோல ஒளியை முன்னால் தெறிக்க விடும், எதிரே வருபவருக்குத்தான் கூசும். வண்டிக்கு முன்னால் தரை பளிச்சென்று இருந்தால் தூரத்துப் பார்வையும் குறையும். மழைக்குக் காசு செலவழிக்க நினைத்தால் வைப்பர் பிளேடு மாற்றுங்கள், கண்ணாடியின் உள்பக்கப் புகைப்படலத்தைத் துடையுங்கள்.

பனிக்காலத்தில் டூல் பெட்டியில் இருக்க வேண்டியவை: 24 வோல்ட் 70 வாட் எச்3 பல்பு இரண்டு, 21 வாட் பல்பு இரண்டு, 10 ஆம்பியர் ஃபியூஸ் நாலு, ரிலே ஒன்று, தண்ணீர் பாட்டில், பழைய பனியன் துணி. முகப்பில் மெல்லிய சேறு படிந்தாலே மேல்விளிம்பு அழிந்துவிடும். டீக்கு நிறுத்தும்போதெல்லாம் கிளீனர் ஒரு துடை துடைக்கட்டும். வறண்ட துணியால் தேய்த்தால் கீறல் விழும், தண்ணீர் ஊற்றித்தான் துடைக்க வேண்டும். பல்பு மாற்றும்போது கண்ணாடிக் குப்பியில் விரல் படக் கூடாது. பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை இருந்த இடம் அதிகமாகச் சூடேறி, பல்பு அங்கேயே வீங்கி உடையும்.